பழைய பி450 பிசில ரைசன் 5600-ம் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் போட்டா வொர்த்தா?

2018 கடைசில அசெம்பிள் பண்ண பிசி என்னோடது. ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. அந்த டைம்ல பட்ஜெட் கேமிங் பிசின்னு யார் கேட்டாலும் இதத்தான் போட்டு குடுப்பாங்க, இன்னும் நிறைய பேர் வீட்ல இது ஓடிட்டு இருக்கும், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். முழுசா புதுசு வாங்குறதா இல்ல இதுலயே பார்ட் மாத்துறதான்னு ரொம்ப நாள் யோசிச்சு கடைசில ப்ராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் மட்டும் மாத்தினேன். ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. போர்டு, ரேம், கேபினட், பவர் சப்ளை எல்லாம் அதே பழசுதான். ஏஎம்4 போர்டு (பி450 மாதிரி ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் இருக்கறது) வச்சிருக்கவங்க இப்போதைக்கு முழு பிசிய மாத்த வேணாம்ங்கறதுதான் என்னோட முடிவு, ஏன்னு சொல்றேன்.

1060 கார்டு 2016 ஜூலைல வந்தது. இத்தன வருஷம் ஓடினதே பெரிய விஷயம். ஆனா சைபர்பங்க் 2077-க்கு 2.0 அப்டேட் வந்தப்பவே இந்த கார்ட குறைந்தபட்ச தேவை லிஸ்ட்ல போட்டுட்டாங்க, அதுக்கு மேல புது கேம்ஸ் சிலது கார்டுலயே ரே ட்ரேசிங் (வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம் மாதிரி கணக்கு போடறது) ஹார்டுவேர் இருந்தாத்தான் ஓடும்ங்குது. இண்டியானா ஜோன்ஸ், டூம் தி டார்க் ஏஜஸ் ரெண்டும் அப்படித்தான், செட்டிங்ஸ எவ்ளோ குறைச்சாலும் 1060-ல பிரயோஜனம் இல்ல. அதோட 2025 அக்டோபரோட என்விடியா இந்த 10 சீரிஸ் கார்டுக்கு புது கேம்களுக்கான ட்ரைவர நிறுத்திட்டாங்க, இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். அதே மாசம் 14-ஆம் தேதி விண்டோஸ் 10 சப்போர்ட்டும் முடிஞ்சுது. ரெண்டும் ஒண்ணா வந்ததாலதான் இனி தள்ளிப்போட முடியாதுன்னு ஆயிடுச்சு.

ஆனா காச எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர், ஃப்ரீதான், எந்த கம்பெனி கார்டுக்கும் வேல செய்யும். அத போட்டு கேம் ஓடும்போது ஸ்க்ரீன் ஓரத்துல கார்டு யூசேஜ் எவ்ளோன்னு காட்ட வைங்க. 95 பர்சன்ட்டுக்கு மேலயே நின்னா கார்டுதான் திணறுது, அத மாத்தணும். 60, 70-னு தொங்கிட்டு இருந்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தன ஃப்ரேம் வருதுங்கறது) ஏறலன்னா கார்டு சும்மா உக்காந்திருக்கு, ப்ராசசராலதான் வேலைய அனுப்ப முடியல. எனக்கு சைபர்பங்க்ல கார்டு முழுசா நிரம்பி நின்னுச்சு, ஆனா கவுன்டர் ஸ்ட்ரைக் 2-லயும் வாலரன்ட்லயும் கார்டு பாதி தூக்கத்துல இருக்கும், அப்பவும் ஸ்மோக் போட்டு நாலு பேர் ஒரே இடத்துல சுட ஆரம்பிச்சா டக்டக்னு நிக்கும். அதனாலதான் ரெண்டையும் மாத்தினேன். உங்களுக்கு ஒண்ணு மட்டும் போதும்னா ஒண்ணோட நிறுத்திக்கங்க, அவ்ளோ காசு மிச்சம்.

இன்னொண்ணு, ரேம் எந்த ஸ்பீடுல ஓடுதுன்னு டாஸ்க் மேனேஜர்ல பாருங்க. 3000, 3200-னு பாக்ஸ்ல போட்டு வாங்கின ரேம் பயாஸ்ல (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) எக்ஸ்எம்பின்னு ரேம முழு ஸ்பீடுல ஓட்டற செட்டிங்க ஆன் பண்ணலன்னா 2133-லயோ 2400-லயோதான் ஓடும். ரைசன்ல இது கண்ணுக்கு தெரியற அளவுக்கு வித்தியாசம் குடுக்கும், ஏன்னா ப்ராசசருக்குள்ள இருக்கற இணைப்போட வேகமே ரேம் வேகத்தோட சேர்ந்து போறது. சில போர்டுல டிஓசிபின்னு பேர் இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது.

சரி, ஏன் முழுசா புதுசு வாங்கல? ரேம் விலைதான் முதல் காரணம். ஏஎம்டியோட அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு போனா போர்டு புதுசு, ப்ராசசர் புதுசு, ரேமும் டிடிஆர்5-தான் போட்டாகணும், பழைய டிடிஆர்4 அதுல உக்காராது. 2025 கடைசில இருந்து ரேம் விலை எங்க போயிட்டு இருக்குன்னு விசாரிச்சவங்களுக்கு தெரியும், ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி எல்லாம் போயிடறதால நமக்கு வர்றது குறைஞ்சு முன்னாடி இருந்த விலைக்கு ரெண்டு மூணு மடங்கு சொல்றாங்க. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல க்ரூஷியல் பிராண்டயே மூடப்போறோம்னு அறிவிச்சாங்க, எத்தன வருஷமா நம்ம எல்லாரும் வாங்கின ரேம் அது. டிடிஆர்4-ம் ஏறிடுச்சு. அதனால உங்க கிட்ட வேல செய்ற 16 ஜிபி டிடிஆர்4 இருந்தா அத பத்திரமா வச்சுக்கங்க, அந்த ரேம அப்படியே உபயோகிக்க விடற வழி எதுவோ அதுதான் இன்னிக்கு லாபமான வழி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கம்ப்யூட்டர் கடைல கேட்டப்ப அவர் எடுத்த எடுப்புல, "தம்பி, அது ஏழு வருஷ போர்டு, அதுல போய் காச போடாதீங்க, ஃபுல் செட்டா எடுத்துட்டு போங்க, பழச நான் எடுத்துக்கறேன்"னாரு. பழசுக்கு அவர் சொன்ன விலைய கேட்டா ரேமுக்கே பத்தாது. அடுத்த கடைல 5600 இருக்காண்ணான்னு கேட்டா 5600ஜி பாக்ஸ எடுத்து நீட்டி ரெண்டும் ஒண்ணுதான்னாரு. இத கண்டிப்பா தெரிஞ்சுக்கங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. 5600-ல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 32 எம்பி. 5600ஜி, 5600ஜிடி, 5500 மூணுலயும் 16 எம்பிதான். தனி கார்டு போட்டு கேம் ஆடறவங்களுக்கு அந்த கேஷ்தான் முக்கியம், ஜி போட்டதுல உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கும், தனி கார்டு இருக்கறவங்களுக்கு அது வேண்டியதே இல்ல. பாக்ஸ்ல எழுதியிருக்கறத ஒரு எழுத்து விடாம படிச்சு வாங்குங்க. அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கினா நடந்தே போயிடலாம், ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும்.

மாத்தறதுக்கு முன்னாடி பயாஸ் அப்டேட். இது ரொம்ப ரொம்ப முக்கியம். 2018 பி450 போர்டுக்கு 5000 சீரிஸ்னா என்னன்னே தெரியாது, பழைய ப்ராசசர் உள்ள இருக்கும்போதே போர்டு கம்பெனி சைட்ல இருந்து புது பயாஸ பென் ட்ரைவ்ல எடுத்து ஏத்திட்டு அப்புறம்தான் ப்ராசசர கழட்டணும். கரன்ட் போகாத நேரமா பார்த்து, யுபிஎஸ்ல போட்டு பண்ணுங்க, நடுவுல ஆஃப் ஆனா போர்டு செத்துடும்.

கழட்டும்போதும் ஒரு விஷயம். ஏஎம்4-ல பின் எல்லாம் ப்ராசசர் அடியில இருக்கும், சாக்கெட்ல இல்ல. பல வருஷமா தொடாத தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு பிசின் மாதிரி புடிச்சிருக்கும், கூலர நேரா மேல இழுத்தா லாக் போட்டிருந்தாக்கூட ப்ராசசரும் சேர்ந்து புடுங்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சா போச்சு. அதனால முதல்ல ஒரு கேம் கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்குங்க, ஷட் டவுன் பண்ணி ப்ளக்க கழட்டி, சூடு ஆறறதுக்குள்ள கூலர இடதும் வலதுமா மெதுவா திருகுங்க. பேஸ்ட் விட்டுக்குடுக்கறது கைக்கே தெரியும், அப்புறம் தூக்குங்க. எனக்கு பேஸ்ட் மஞ்சளா பொடிப்பொடியா வந்துச்சு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணில துடைச்சு எடுத்தேன். கேபினட் உள்ள இருந்த தூசியும் அப்பவே ப்ளோயர் போட்டு எடுத்தாச்சு.

இப்ப எப்படி ஓடுதுன்னு வருவோம். 2600-ல ஆறு கோர் மூணு மூணா ரெண்டு குரூப்பா பிரிஞ்சிருக்கும், கேஷும் 8 எம்பி 8 எம்பியா பிரிஞ்சிருக்கும், 5600-ல ஆறும் ஒரே குரூப், 32 எம்பியும் எல்லாத்துக்கும் பொது. பேப்பர்ல ரெண்டுமே ஆறு கோர் பன்னெண்டு த்ரெட்தான், ஆனா கேம்ல வித்தியாசம் பயங்கரம். கவுன்டர் ஸ்ட்ரைக்ல ஆவரேஜ் எஃப்பிஎஸ் ஏறினதவிட நான் கொண்டாடறது அந்த டக்டக் போனதத்தான், ஸ்மோக்குக்குள்ள சண்ட போட்டாலும் மவுஸ் கைய விட்டு நழுவற மாதிரி இல்ல. 65 வாட் ப்ராசசர்தான், பாக்ஸ்ல வர்ற கூலரே போதும்னாலும் சென்னை வெயிலுக்கு நான் ஒரு சாதாரண டவர் கூலர் போட்டேன், ரூம்ல ஏசி இல்லாம மத்தியானம் ஆடினாலும் 70 டிகிரி கிட்டத்தான் நிக்குது.

5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி பத்தி கேப்பீங்க. 96 எம்பி கேஷ், ஏஎம்4-ல கேமுக்கு அத மிஞ்சினது கிடையாது, நியாயமான விலைக்கு வாரன்டியோட கிடைச்சா யோசிக்காம எடுங்க. ஆனா இப்ப ஸ்டாக் அபூர்வம், இருக்கறவங்க சொல்ற விலைல ஏஎம்5 ப்ராசசரே வாங்கிடலாம், அந்த விலைக்கு வேணாம்.

கார்டு விஷயத்துல கொஞ்சம் விலாவாரியா சொல்லியே ஆகணும், ஏன்னா பழைய போர்டு வச்சிருக்கவங்க மாட்டிக்கற இடம் இதுதான். கார்டு போர்டோட பேசற பிசிஐஇ ஸ்லாட்ல பி450 பழைய 3.0 வேகம் மட்டும்தான் குடுக்கும், 5600 போட்டாலும் அது மாறாது. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ எல்லாம் ஸ்லாட் முழு நீளத்துக்கு இருந்தாலும் அதுல இருக்கற பதினாறு லேன்ல (டேட்டா போற பாதை) எட்டுதான் உபயோகிக்கும், புது போர்டுல அது பிரச்சன இல்ல, நம்ம போர்டுல எட்டு லேன்னா நொடிக்கு சுமார் 8 ஜிபிதான் போக முடியும். கார்டு மெமரி நிறைய இருந்தா பெருசா தெரியாது, 8 ஜிபி கார்டுல மெமரி நிரம்பி வழிஞ்சா சிஸ்டம் ரேமுக்கு போய்ட்டு வரணும், அங்கதான் படம் அப்படியே உறைஞ்சு உறைஞ்சு நிக்கும். 9060 எக்ஸ்டி பதினாறு லேனும் உபயோகிக்கும், அதனால 3.0-லயும் நொடிக்கு சுமார் 16 ஜிபி வேகம் கிடைக்குது, நான் அத எடுத்ததுக்கு முதல் காரணமே இதுதான். 2025 ஜூன்ல வந்தப்ப அமெரிக்கால 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். தயவுசெஞ்சு 8 ஜிபி எடுக்காதீங்க, பேர் ஒண்ணா இருக்கறதால கடைல மாத்தி குடுக்கவும் வாய்ப்பிருக்கு, பார்த்து வாங்குங்க.

1080பி மானிட்டர்ல சைபர்பங்க் அல்ட்ரால ஓடுது, 1060-ல லோ-ல வச்சு ஓட்டின கேம். எஃப்எஸ்ஆர் 4 (சின்னதா வரைஞ்ச படத்த பெருசாக்கி காட்டற ஏஎம்டியோட டெக்னிக்) இருக்கற கேம்ல படம் முந்தின எஃப்எஸ்ஆர விட ரொம்ப தெளிவு, தலைமுடி, கம்பி வேலி இதெல்லாம் முன்ன மாதிரி மினுக்காது. ஆனா அது எல்லா கேம்லயும் இல்ல, என்விடியாவோட அதே மாதிரி டெக்னிக்கான டிஎல்எஸ்எஸ் இருக்கற அளவுக்கு பரவல. ரே ட்ரேசிங் உச்சத்துல வச்சு ஆடணும்னாலோ, ப்ளெண்டர் மாதிரி 3டி சாஃப்ட்வேர் வேலைக்கும் இதே பிசிதான்னாலோ என்விடியா பக்கம் 5060 டிஐ 16 ஜிபி பாருங்க, அது நியாயமான காரணம்.

கார்டு போட்ட உடனே பயாஸ்ல ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசசர் ஒரேயடியா அணுக விடற வசதி) ஆன் பண்ணணும். அதுக்கு சிஎஸ்எம் (பழைய முறைல பூட் பண்ற செட்டிங்) ஆஃப்ல இருக்கணும். பழைய விண்டோஸ் எம்பிஆர்ங்கற பழைய டிஸ்க் அமைப்புல போட்டிருந்தா சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணதும் பூட்டே ஆகாது, பயந்துடாதீங்க, விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடி-ன்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஃபைல் அழியாம மாத்திக் குடுக்கும், இருந்தாலும் முக்கியமானத முதல்ல காப்பி எடுத்து வைங்க. அப்படியே பயாஸ்ல டிபிஎம், செக்யூர் பூட்னு இருக்கற ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கையும் ஆன் பண்ணிட்டா விண்டோஸ் 11 அஃபிஷியலாவே ஏறும், வாலரன்டும் விண்டோஸ் 11-ல இது ரெண்டையும் கேக்குது.

இதெல்லாம் ஏஎம்4 காரங்களுக்கு. எங்க சித்தப்பா பையன் கிட்ட இருக்கறது இன்டெல் ஐ5 7400, நாலு கோர் நாலு த்ரெட். அவனுக்கு நான் அதே போர்டுலயே ப்ராசசர மாத்த சொல்லல. அந்த போர்டுல 8-வது ஜெனரேஷன் ப்ராசசர் பார்க்க ஒரே சாக்கெட் மாதிரி இருந்தாலும் ஓடாது, அதிகபட்சம் 7700கே-தான், அது இன்னிக்கு செகண்ட் ஹேண்ட்ல கூட வாங்கற விலைக்கு லாயக்கில்ல, விண்டோஸ் 11 லிஸ்ட்லயும் இல்ல. அவன் கிட்டயும் டிடிஆர்4 ரேம்தான் இருக்கு, அதனால அவனுக்கு பி550 போர்டும் 5600-ம் மட்டும் புதுசா எடுத்து, ரேம் கேபினட் எல்லாம் அதையே போட சொல்லியிருக்கேன், என் 1060 இப்போதைக்கு அவன் கிட்டத்தான் இருக்கும். டிடிஆர்3 காலத்து பிசின்னா மட்டும் மொத்தமா விட்டுட்டு புதுசு பாருங்க, அதுல எடுத்து வைக்க கேபினட்டயும் எஸ்எஸ்டியும் தவிர ஒண்ணும் இல்ல.

பவர் சப்ளை என்னோடது 550 வாட் ப்ரான்ஸ், கார்டு 160 வாட்தான், தாராளமா தாங்குது, ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். ஆனா 1060 120 வாட் கார்டு, அதுக்கு சரியா இருந்த 600 விஏ யுபிஎஸ் இப்ப கேம் நடுவுல கரன்ட் போனா ஓவர்லோடுன்னு கத்த ஆரம்பிச்சிடும், மானிட்டரையும் சேர்த்து கணக்கு போட்டு 1 கேவிஏ-வா மாத்திக்கங்க, பட்ஜெட் போடும்போதே அதையும் எழுதி வச்சுடுங்க.