ஜிடிஓ என்று சொல்லி லெமான்ஸை விற்றுவிட்டார்கள்: 38,000 டாலர் போச்சு

அமெரிக்காவில் பழைய மஸில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) தேடும் நம்மவர்கள், முக்கியமாக 1964, 1965 போன்டியாக் ஜிடிஓ கன்வெர்டிபிள் (கூரை மடக்கும் கார்) மேல் ஆசை வைத்திருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கிய காரின் தொழிற்சாலைப் பதிவு நகல் நேற்றுதான் கைக்கு வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

82,000 டாலர் கொடுத்தேன். வீட்டில் நிற்பது ஜிடிஓ வேஷம் போட்ட ஒரு லெமான்ஸ், போன்டியாக்கின் சாதா மாடல். இந்தக் கார்களை மதிப்பிடுவதையே தொழிலாக வைத்திருப்பவர் பார்த்துவிட்டு 44,000 தேறினால் பெரிது என்றார். 38,000 டாலர் போய்விட்டது.

விற்றது பக்கத்து மாநிலத்தில் பழைய கார்கள் மட்டுமே விற்கும் ஒரு டீலர். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார், அதனால் போடவில்லை.

இந்த இரண்டு வருடக் கார்களில் மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிகிறது? நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. போன்டியாக்கில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனின் ஆட்கள் 389 எஞ்சினை உள்ளே கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜிடிஓவைத் தனி மாடலாக அறிவிக்காமல், லெமான்ஸில் 295.90 டாலருக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆப்ஷனாக விற்றார்கள். அதனால் 1964, 65 கார்களில் வின் நம்பரை (காரின் அடையாள எண்) மட்டும் வைத்து அது ஜிடிஓ என்று சொல்ல முடியாது. 1965 கன்வெர்டிபிள் என்றால் சாதா லெமான்ஸும் 23767 என்றுதான் தொடங்கும், ஜிடிஓவும் 23767 என்றுதான் தொடங்கும். 1966-ல் தனி மாடல் ஆன பிறகுதான் 242 வந்தது. பேட்ஜ், கிரில், ஸ்கூப் வைத்த பானட், ஃபெண்டரில் ஒட்டும் 6.5 லிட்டர் முத்திரை எல்லாமே இன்று புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. 1965-ல் செய்த ஜிடிஓ கன்வெர்டிபிள் மொத்தம் 11,311தான். விலை ஏன் அப்படி ஏறுகிறது, வேஷம் ஏன் போடுகிறார்கள் என்பது புரிகிறதா?

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பிஹெச்எஸ் ஆவணம் இருக்கிறதா என்று முதல் கேள்வியாகவே கேட்டேன். போன்டியாக் தொழிற்சாலையின் பழைய பில்லிங் பதிவுகளிலிருந்து நகல் எடுத்துத் தருபவர்கள் அவர்கள். "முழு ஃபோல்டரும் இருக்கிறது, வீடியோவில் வா, காட்டுகிறேன்" என்றான் அந்த விற்பனையாளன். காட்டினான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். ஜிடிஓ ஆப்ஷன் இருந்த வரியில் விரலை வைத்தே காட்டினான். வின் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நம்பரைத் திருடி வேறு காருக்குப் போட்டுவிடுகிறார்கள், அதனால் எல்லாக் காருக்கும் மறைப்போம். ஃபோல்டர் டைட்டிலோடு (உரிமைப் பத்திரம்) உன் கைக்கு வரும்" என்றான். அப்படித் திருட்டு நடப்பது உண்மைதான். அப்புறம் பானட்டைத் திறந்து மூன்று கார்புரேட்டர்களையும் காட்டினான். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் டார்ச் அடித்தான். டபிள்யூஎஸ் என்று பளிச்சென்று இருந்தது. 360 குதிரைசக்தி ட்ரைபவர் (மூன்று கார்புரேட்டர்), மேனுவல் கியர் எஞ்சினுக்கான குறி அது. தன் அப்பா புதுசாக வாங்கிய காரும் இதே நிறம் என்று ஒரு கதை வேறு சொன்னான். போதாதென்று நான் தனியாகக் காசு கொடுத்து அனுப்பிய இன்ஸ்பெக்ஷன் கம்பெனியும் 'நம்பர்ஸ் மேட்சிங்' (காரோடு வந்த அசல் எஞ்சின்தான் என்பது) கட்டத்தில் டிக் போட்டு அறிக்கை தந்தது.

கார் வந்தது. ஃபோல்டர் வரவில்லை. கூரியரில் வருகிறது என்றார்கள். அப்புறம் ஆபீஸ் மாற்றுகிறோம் என்றார்கள். அப்புறம் அந்த ஆள் வேலையில் இல்லை என்றார்கள். சரி என்று என் காரின் நம்பரைக் கொடுத்து நானே பிஹெச்எஸ்ஸில் வாங்கினேன். லெமான்ஸ். 326 எஞ்சின். இரண்டு கியர் ஆட்டோமேட்டிக். ஜிடிஓ என்ற வரியே இல்லை.

பிளாக்கையும் பார்த்தோம். 1968-க்கு முந்தைய போன்டியாக் எஞ்சினில் வின் நம்பர் அடித்திருக்க மாட்டார்கள், எஞ்சினுக்கென்று தனி நம்பர்தான் இருக்கும். அது பில்லிங் நகலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், போகவில்லை. பிளாக்கின் பின்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் அருகே வார்ப்புத் தேதி இருக்கிறது, எழுத்து மாதத்தையும் கடைசி இலக்கம் வருடத்தையும் காட்டும். இதில் சி 25 5, அதாவது 1965 மார்ச் 25. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள சுவர்) தகட்டில் இருக்கும் பாடித் தேதியோ ஜனவரி இரண்டாம் வாரம். கார் வெளியே வந்த பிறகு வார்த்த எஞ்சின் எப்படி அந்தக் காரில் பிறந்திருக்கும்? பழைய குறியைத் தேய்த்துவிட்டு டபிள்யூஎஸ் என்று புதிதாக அடித்திருக்கிறார்கள்.

டீலரைக் கூப்பிட்டால், "ஆஸ்-இஸ் (இருக்கிறபடியே வாங்குகிறேன்) என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார்கள். பழைய பதிவில் தப்பு இருக்கலாமாம். விளம்பரத்தில் 'ஒரிஜினல் ஜிடிஓ' என்று இருந்ததை இப்போது மாற்றிவிட்டார்கள், நல்லவேளை என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் கம்பெனி இன்னும் மோசம். ஒரிஜினாலிட்டி எங்கள் வேலையில் சேராது, அதிகபட்சம் இன்ஸ்பெக்ஷன் கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்று இரண்டு வரி மெயில். அப்படியென்றால் அந்த டிக்கை எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. 38,000 டாலருக்கு இரண்டு வரி!

ஆஸ்-இஸ் என்று எழுதிவிட்டாலே பொய் சொன்னது சரியாகிவிடாது என்று வக்கீல் சொல்கிறார். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். பிஹெச்எஸ் நகலை விற்பவர் காட்டினால் போதாது, நீங்களே நேரடியாக வாங்குங்கள், ஒரு நல்ல டயரின் விலைக்குள் முடிந்துவிடும். முழு வின் நம்பரைத் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். 1965 வின்னில் தொழிற்சாலை எழுத்துக்கு அடுத்த இலக்கம் 6 என்றால் அது ஆறு சிலிண்டர் கார், பேச்சே வேண்டாம். வார்ப்புத் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபோல்டர் கைக்கு வராமல் வயர் டிரான்ஸ்ஃபர் செய்யாதீர்கள். அந்த டீலரின் பக்கத்தில் இன்று காலை இன்னொரு 1964 கன்வெர்டிபிள் ஏறியிருக்கிறது, அதிலும் வின் நம்பரை மறைத்திருக்கிறார்கள்.