பிள்ளைகளோடு பார்க்க எந்த ‘ட்ரூ கிரிட்’?

அக்கா பிள்ளைகளுக்குக் கௌபாய் படம் காட்டலாம் என்று தேடியதில் கடைசியாக நின்றவை இரண்டு ‘ட்ரூ கிரிட்’கள். ஒன்று 1969-இல் ஹென்றி ஹாத்தவே எடுத்தது, மற்றது 2010-இல் கோயன் சகோதரர்கள் எடுத்தது. இரண்டுக்கும் மூலம் சார்லஸ் போர்ட்டிஸின் நாவல். அப்பாவைக் கொன்றவனைப் பிடிக்க, ரூஸ்டர் காக்பர்ன் என்ற குடிகார மார்ஷலை (அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரி) காசு கொடுத்துக் கூட்டிப்போகும் 14 வயது மேட்டியின் கதை. நான் போட்டது 2010 படத்தை.

சான்றிதழைப் பார்த்தால் பழையதுதான் வீட்டுக்குத் தோது: அதற்கு ஜி (எல்லா வயதினரும் பார்க்கலாம்), புதியதற்கு பிஜி-13 (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் தேவை). ரூஸ்டராக நடித்த ஜான் வெய்னுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்ததும் அதுதான். கலகலப்பும் அதில்தான் அதிகம்.

ஆனால் கதை நடப்பது ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்திலும், அதற்கு மேற்கே இன்றைய ஒக்லஹோமாவில் இருந்த சாக்டா பழங்குடிகளின் நிலத்திலும். பழைய படத்தில் பின்னால் நிற்பதோ கொலராடோ மலைகள். கண்ணுக்கு விருந்துதான், ஊர்தான் வேறு. அதில் மேட்டியாக வரும் கிம் டார்பிக்கு அப்போது 21 வயது; புதியதில் மேட்டியாக வரும் ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டுக்கு 13. குதிரை வியாபாரியை அவள் பேச்சிலேயே மடக்கும் இடத்தில் இந்த வயது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

ஃபோர்ட் ஸ்மித் நீதிபதி ஐசக் பார்க்கரின் காலத்தில் 79 பேர் தூக்கிலிடப்பட்டது வரலாறு. கோயன் படத்தின் தூக்குமேடையில் வெள்ளையர் இருவரும் கடைசி வார்த்தை பேசுகிறார்கள். பழங்குடிக்காரர் வாயைத் திறந்ததுமே தலையில் பையை மாட்டிவிடுகிறார்கள். சில நொடிதான். “அவரை மட்டும் ஏன் பேச விடல?” என்று பெரியவன் கேட்டான். அதே நீதிமன்றத்தில் துணை மார்ஷலாக இருந்த கறுப்பினத்தவர் பாஸ் ரீவ்ஸ் மாதிரி ஒருவர் இரண்டு படத்திலும் இல்லை என்பது என் குறை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது மேட்டியின் கை. பழைய படத்தில் பாம்பு கடித்தும் கையில் தூளிக்கட்டோடு தேறிவிடுகிறாள். ரூஸ்டர் குதிரையில் வேலி தாண்டிப் போகிறார். (அதிலும் அவர்களோடு கொலைகாரனைத் தேடி வரும் டெக்சாஸ் ரேஞ்சர் லபீஃப் செத்துப்போகிறார், அதையும் சொல்ல வேண்டும்.) 2010 படத்தில், நாவலில் உள்ளபடியே, கையை வெட்டி எடுக்கிறார்கள். கொலைகாரனைச் சுட்ட துப்பாக்கியின் உதைதான் அவளைப் பாம்புக் குழிக்குள் தள்ளுகிறது. 25 வருஷம் கழித்து ஒற்றைக் கையோடு ரூஸ்டரைத் தேடிப் போனால், அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. துணிச்சலும் வாக்குத் தவறாமையும் இரண்டு படத்திலும் உண்டு. பழி வாங்கினால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது 2010 படத்தில்தான் இருக்கிறது. அதுவும் யாரும் உபதேசம் செய்யாமல்.

எங்கள் வீட்டில் பார்த்தவர்கள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள். அதைவிடச் சின்னவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பழையதே போதும். ஆனால் ஜி என்று நம்பி அடுக்களைக்குப் போய்விடாதீர்கள், விரலை வெட்டும் காட்சி அதிலும் இருக்கிறது.