சத்துவாச்சாரியா, பாரிமுனையா? புது வக்கீலின் முதல் மூன்று வருடம்

காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில் படித்து முடித்தவர் எங்கே தொழில் செய்தாலும் தொடக்கம் ஒன்றுதான். பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து வக்கீல் தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வு. அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது: வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டா, சென்னை பாரிமுனையில் உள்ள ஹைகோர்ட்டா?

இங்கிலாந்தில் கட்சிக்காரரைக் கையாள ஒரு சொலிசிட்டர், வாதாட ஒரு பாரிஸ்டர். நம் சட்டத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. ஆனாலும் ஹைகோர்ட் ஜூனியரின் வேலை பாரிஸ்டர் வேலைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்: அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) தயாரிப்பு, தீர்ப்புத் தேடல், ரிட் (அரசின் செயலை எதிர்க்கும் மனு), அப்பீல், முன்ஜாமீன். எல்லாம் காகிதத்தின் மேல் நடக்கும் வாதம். சாட்சிக் கூண்டைப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஹைகோர்ட்டே நேரடியாக விசாரிக்கும், ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒரிஜினல் சைடு வழக்குகளில்தான், அதிலும் ஜூனியருக்கு அரிது.

சத்துவாச்சாரியில் பாகப்பிரிவினை, உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்), செக் கேஸ், பெங்களூரு நெடுஞ்சாலை விபத்து இழப்பீடு எல்லாம் ஒரே ஆபீசில் வரும். பிராது (வழக்கு மனு) எழுதுவதும் சாட்சியை விசாரிப்பதும் ஒரே ஆள். தவறுகளும் இங்கேதான் விலை கேட்கும். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். புகார் கெடு தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு மன்றாட வேண்டும். முத்திரைக் கட்டணம் குறைந்த பத்திரத்தை எதிர்த்தரப்பு சான்றாவணமாகக் குறியிடும்போதே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அப்போது விட்டுவிட்டால் பிறகு அந்தக் குறையைக் கிளப்ப முடியாது. நம் தரப்பு வாதத்தைக் குறுக்கு விசாரணையில் சாட்சியிடம் கேட்காமல் விட்டால், அவர் சொன்னது மறுக்கப்படவில்லை என்று தீர்ப்பில் வரும். இரண்டாவது அப்பீலில் ஹைகோர்ட் பார்ப்பது முக்கியமான சட்டப் பிரச்சினையை மட்டுமே. கீழே கோட்டை விட்டதை மேலே எந்தச் சீனியராலும் மீட்க முடிவதில்லை.

மொழியிலும் வித்தியாசம் உண்டு. இங்கே வாக்குமூலமும் பிராதும் தமிழிலேயே போகும். சென்னையில் எல்லாம் ஆங்கிலம், தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு இணைத்து டைப்டு செட் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பு) போட வேண்டும்.

காசு விஷயம்: ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று 2024 ஜூனில் ஹைகோர்ட் வரையறுத்தது. உங்கள் ஆபீசில் என்ன தருவார்கள் என்பதைச் சேரும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அந்த ஐயாயிரம் வித்தியாசம் சென்னை அறை வாடகைக்கே போதாது. தினமும் காட்பாடியிலிருந்து ரயிலில் போய் வரலாம் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஜூனியர் கற்றுக்கொள்வது சாயங்கால ஆபீசில், சீனியர் கட்சிக்காரரிடம் பேசும்போது. அந்த நேரத்தில் நீங்கள் அரக்கோணத்தைத் தாண்டிக்கொண்டிருப்பீர்கள். மூன்றில் மோசமான தேர்வு இதுதான்.

சிவில் நீதிபதி ஆக ஆசை என்றால் வேலூரே மேல். உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பின் மூன்று வருடத் தொழில் அனுபவம் கட்டாயம். தேர்வில் எழுவினா (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனைந்து தீர்ப்பு எழுதச் சொல்வார்கள், மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. இரண்டும் விசாரணை நீதிமன்றத்தில் தினசரிப் பிழைப்பு. ரிட், வரி, கம்பெனி வழக்கு என்று முடிவே செய்துவிட்டவர் மட்டும் நேரே சென்னைக்குப் போகலாம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க்காரர்கள் தொடுத்த பொதுநல வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்ட வழக்குகளுக்குக் களம் மேலேதான்.

மற்றவர்கள் மூன்று வருடம் இங்கே இருந்துவிட்டுப் போகலாம். போன பிறகு வேலூர் அப்பீல்கள் தேடி வரும், அதற்கு ஊர் சீனியர்களின் தொடர்பு அறுபடக் கூடாது. தீர்ப்பான அன்றே நகல் மனு போட்டுவிடச் சொல்லிவையுங்கள். சிவில் வழக்கில் மாவட்ட நீதிமன்ற அப்பீலுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். நகல் தயாராக எடுக்கும் நாட்களை மட்டும் கெடுக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம், மனு போடாமல் விட்ட நாட்களைக் கழிக்க முடியாது.