மும்பையில் ஒரு மின்னணு நடன இசை விழா: மிருதங்க மாணவியின் மதிப்புரை

கடந்த டிசம்பரில் மும்பையில் நடந்த ஒருநாள் மின்னணு நடன இசை விழாவுக்குக் கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் சென்றேன். மாட்டுங்காவில் வளர்ந்து, சிறு வயது முதல் மிருதங்கம் பயின்று வரும் எனக்கு, இ.டி.எம். எனப்படும் இந்த மின்னணு நடன இசை அதுவரை அவள் அறைக் கதவைத் தாண்டி வரும் அதிர்வாகவே இருந்தது. நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 3,500 ரூபாய். நேரம் பிற்பகல் 3 மணி முதல் இரவு 10 மணி வரை.

ஒலியமைப்பு மிகச் சிறப்பாக இருந்தது. ஒலிப் பொறியாளரின் மேசைக்குச் சற்று முன்னால் நின்று கேட்டபோது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 என்ற வேகத்தில் விழுந்த ஒவ்வொரு கிக் அடியும் (தாளத்தைத் தாங்கும் கனமான முரசொலி) நெஞ்சில் தனியாகப் பதிந்தது. மேல் சுருதி ஒலிகள் காதைக் குத்தவில்லை. ரசிகர்கள் காத்திருக்கும் 'டிராப்' எப்படிக் கட்டப்படுகிறது என்பதையும் அங்குதான் புரிந்துகொண்டேன். முதலில் கிக் விலக்கப்படுகிறது. பிறகு ஸ்னேர் என்னும் கூர்மையான சிறு முரசின் ஒலி முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தில் இரட்டித்துக்கொண்டே போக, சுருதியும் கூடவே ஏறுகிறது. ஒரு கணம் முழு அமைதி. அதன்பின் அடித்தள ஒலியும் கிக்கும் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்க அடியில், சேர்ந்து இறங்குகின்றன. கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் இறுதிக் கோர்வை (முடிப்புத் தாளக்கட்டு) சமத்துக்கு வந்து விழும்போது சபையில் எழும் அதே பெருமூச்சை, பல்லாயிரம் பேரிடமிருந்து ஒரே நேரத்தில் கேட்டேன்.

என்னை முழுமையாக ஈர்த்தது சிறிய மேடைதான். மாலை 5 மணியளவில் இளம் டிஜே ஒருவர், ஆசிட் பேஸ் எனப்படும், நெளிந்து செல்லும் மின்னணுக் கீழ்ச்சுருதி ஒலியின் மீது சிந்துபைரவி ராகத்தின் சாயல் கொண்ட ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் படரவிட்டார். இந்தச் சேர்க்கைக்கு மும்பையிலேயே ஒரு முன்னோடி உண்டு. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற பேஸ் ஒலிக் கருவியையும் டிஆர்-808 என்ற மின்னணுத் தாளக் கருவியையும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982-இல் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். அதே டிபி-303-இன் ஒலியைக் கொண்டு சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையின் இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கியது 1987-இல்தான். கோவாவின் காண்டோலிம் கடற்கரையில் சன்பர்ன் என்ற மின்னணு நடன இசை விழா தொடங்கியதோ 2007-இல். அன்று கவனிக்கப்படாமல் போன சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு 2010-இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் அவரைத் தேடி வந்தது. மகளுக்கு இதை அங்கேயே நின்று சொன்னேன். இரவு வீடு திரும்பியதும் இருவரும் அதைத்தான் கேட்டோம்.

குறைகளில் முதன்மையானது தண்ணீர். இலவசக் குடிநீர்க் குழாய்கள் ஒரே இடத்தில், உணவுக் கடைகளுக்குப் பின்னால் இருந்தன. வரிசையில் 25 நிமிடம் நின்றோம். மும்பையின் டிசம்பர் வெயிலில் மணிக்கணக்காக ஆடுபவர்களுக்கு இது வெறும் வசதிக் குறைவு அன்று, உடலுக்கு ஆபத்து. தீப்பிழம்புகளுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிட்ட அமைப்பாளர்கள் இன்னும் நான்கு இடங்களில் குழாய் வைத்திருக்க வேண்டும்.

செவிப் பாதுகாப்பும் அப்படியே. இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், செவியடைப்பான்களும் அமைதியான ஓய்விடமும் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்துள்ளது. இங்கே அடைப்பான்களும் இல்லை, ஓய்விடமும் இல்லை. நாங்கள் வீட்டிலிருந்தே சிலிகான் அடைப்பான்களைக் கொண்டு சென்றதால் தப்பித்தோம்.

பெண் காவலர்கள் போதுமான அளவில் இருந்தனர். கழிப்பறைகள் மாலை வரை தூய்மையாக இருந்தன. விழாவில் செலவிட முன்கூட்டியே பணம் ஏற்றிய கைப்பட்டையில் மீதமிருந்த தொகை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.

முதன்மைக் கலைஞர் அரை மணி நேரம் தாமதமாக மேடையேறினார். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குறித்த நேரத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதால், அந்த அரை மணி நேரம் ரசிகர்களுக்கு இழப்பாகவே முடிந்தது.

அடுத்த முறையும் செல்வோம். பெரிய மேடைக்காகக் காத்திராமல், பிற்பகலிலேயே சிறிய மேடையின் முன்னால் இடம் பிடிப்போம்.