லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள்: புரோட்டான் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் முயற்சியை வைன் திட்டம் 1993இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேவையான கோப்புகளைத் தேடி நிறுவும் பொறுமை உள்ளவர்களுக்கே அது பெரிதும் பயன்பட்டது. வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் தன் விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீமுடன் இணைத்து வெளியிட்ட புரோட்டான், அந்தச் சுமையைப் பயனரின் தலையிலிருந்து இறக்கி வைத்தது.

வைனின் மேல் கட்டப்பட்ட புரோட்டான், விண்டோஸின் வரைகலைத் தொகுப்பான டைரக்ட்3டியின் 9 முதல் 11 வரையிலான பதிப்புகளின் கட்டளைகளை டிஎக்ஸ்விகே மூலமும், 12இன் கட்டளைகளை விகேடி3டி-புரோட்டான் மூலமும் லினக்ஸிலும் இயங்கும் வரைகலைத் தொகுப்பான வல்கனுக்கு மாற்றித் தருகிறது. விளையாட்டின் நிரல் புராசஸரில் நேரடியாகவே ஓடுவதால், வேறொரு கருவியையே மென்பொருளால் போலச்செய்யும் எமுலேட்டர்களில் காணும் பெரும் வேக இழப்பு இதில் இல்லை. 2022இல் எல்டன் ரிங் வெளிவந்தபோது விண்டோஸ் கணினிகளில் திக்கித் திணறிய காட்சிகள், வால்வ் செய்த திருத்தங்களுக்குப் பின் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் சீராக ஓடியதை இதன் உண்மையான வெற்றியாகக் கருதுகிறேன்.

முதன்முறை திறக்கும்போது வல்கன் ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராவதைக் காட்டும் பட்டை தோன்றும். அதைத் தவிர்த்துவிட்டு உள்ளே நுழைந்தால் காட்சி அவ்வப்போது தடைபடக்கூடும் என்பதால், காத்திருப்பதே நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் காம்பட்டேட்டா கோப்புறைக்குள் எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறை ஒன்று உருவாகி, அதற்குள் ஒரு சிறிய சி டிரைவே அமைந்திருக்கும். ஆட்டத்தை இணையத்தில் சேமிக்கும் கிளவுட் வசதி இல்லாத விளையாட்டுகளில் நீங்கள் சேமித்த ஆட்டமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பதால், இடத்தை மிச்சப்படுத்த எண்ணி அதை அழித்துவிடக் கூடாது.

தனியாக ஆடும் விளையாட்டுகளுக்குப் புரோட்டானைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இணையவழிப் போட்டி விளையாட்டுகளின் நிலை வேறு. ஆட்டத்தில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்களான ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதல் புரோட்டானை ஆதரித்தாலும், அந்த அனுமதியை ஒவ்வொரு விளையாட்டின் நிறுவனமும் தனியே வழங்க வேண்டும். ஃபோர்ட்நைட்டுக்கு அந்த அனுமதி வழங்கப்படவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024இல் லினக்ஸுக்குக் கதவை அடைத்துவிட்டது. வேலரண்டும் ஓடாது. இவற்றை அன்றாடம் ஆடுபவர்கள் விண்டோஸை டிஸ்கின் ஒரு தனிப் பகுதியில் (பார்ட்டிஷனில்) வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. மற்றவர்கள், வாங்கும் முன் புரோட்டான்டிபி தளத்தில் அந்த விளையாட்டைப் பற்றிய பயனர் அறிக்கைகளைப் படித்துவிடலாம். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அமைந்த டிரைவிலிருந்தே விளையாட்டுகளை ஓட்டினால் சிக்கல்கள் எழுவதுண்டு. லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4இல் அமைந்த டிரைவில் புதிதாக நிறுவிக்கொள்வது பாதுகாப்பானது.