வீட்டுப் பியானோ கச்சேரி: இருக்கும் அப்ரைட்டா, வாடகை கிராண்டா?

கூடத்தில் பதினைந்து, இருபது பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரக் கிளாசிக்கல் பியானோ. இதற்காக ஒரு பேபி கிராண்டை, அதாவது தந்திகள் படுக்கைவாட்டில் கிடக்கும் சிறிய கிராண்ட் பியானோவை, வாடகைக்கு இறக்குவதா, ஏற்கெனவே சுவரோரம் நிற்கும் அப்ரைட்டிலேயே, அதாவது தந்திகள் செங்குத்தாக நிற்கும் பியானோவிலேயே, வாசிப்பதா? அப்ரைட் நல்ல நிலையில் இருந்து, உயரமும் 120 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால், என் ஓட்டு அதற்குத்தான்.

கிராண்டின் சிறப்பில் மறுபேச்சு இல்லை. விரல் அழுத்திய கட்டை முழுதாக மேலே வருமுன்பே அதே சுரத்தை மறுபடி அடிக்கலாம். 1821இல் எரார் என்ற பியானோ தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற பொறியமைப்பின் கொடை அது. இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் கே. 141 சொனாட்டா போல ஒரே சுரம் படபடக்கும் உருப்படி நிகழ்ச்சியில் இருந்தால் அப்ரைட் திணறும். இடது பெடலை மிதித்தால் கிராண்டில் தந்தியை அடிக்கும் சுத்தியல்கள் பக்கவாட்டில் நகர்ந்து நாதத்தின் நிறமே மாறும். அப்ரைட்டில் ஒலி குறைவதோடு சரி. ஆனால் 150 செ.மீ. கிராண்டின் கீழ் ஸ்தாயித் தந்திகள், உயரமான அப்ரைட்டின் தந்திகளைவிடப் பெரும்பாலும் நீளமானவை அல்ல. மூடியின் கம்பீரத்தைப் பார்த்து இதை மறந்துவிடுகிறோம்.

முடிவைத் தீர்மானிப்பது சுருதிதான். தந்திகளின் அதிர்வைப் பெருக்கிக் காட்டும் ஒலிப்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். காற்றின் ஈரத்தைக் குடித்தால் அது உப்பி, தந்திகள் அமர்ந்திருக்கும் பாலத்தை மேலே தள்ளும். தந்தி இறுகிச் சுருதி ஏறும். உலர்ந்தால் இறங்கும். எல்லாம் ஒரே அளவில் ஏறி இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். நடு ஸ்தாயிதான் அதிகம் அசையும். அதனால் ஆக்டேவ்களே, அதாவது ஒரே சுரத்தின் மேல், கீழ் ஸ்தாயி வடிவங்களே, ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். நடுவில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று தந்திகள். ஒன்று நொடிக்கு 440 அதிர்வு, பக்கத்துத் தந்தி 441 என்று நின்றால் நொடிக்கு ஒரு முறை ஒலி அலையடிக்கும். பெரிய அரங்கில் இது கரைந்துபோகலாம். ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் காதில் உறுத்தும்.

வேறு இடத்திலிருந்து வந்த கிராண்டுக்குப் புதிய அறையோடு பழக இரண்டு வாரமாவது வேண்டும். வாடகையில் அது முந்தின நாள்தான் வந்து இறங்கும். காலையில் ட்யூன் செய்தாலும் மாலைக்குள் நகரத் தொடங்கிவிடும். வீட்டு அப்ரைட் அந்த அறையின் ஈரத்துக்கு ஏற்கெனவே பழகியது. அதை ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் விட்டிருந்தால், நான்கைந்து நாள் முன்பு முழு ட்யூனிங், கச்சேரியன்று காலை ஒரு சரிபார்ப்பு. ட்யூனர் வேலை செய்யும்போதே ஏசியை மாலையில் வைக்கப்போகும் அளவில் ஓடவிடுங்கள். காற்று நேராகப் பியானோமேல் அடிக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார்; இருபது பேர் என்றால் 2 கிலோவாட் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். கூட்டம் வந்த பிறகு ஏசியைத் தட்டினால் சுருதியும் கூடவே ஆடும்.

டிஜிட்டல் பியானோவுக்கு இந்தத் தொல்லை ஏதுமில்லை. ஆனால் இவ்வளவு அருகில் கட்டைகள் தட்டும் ஓசையும், ஒலி ஸ்பீக்கரிலிருந்து வருவதும் தெரிந்துவிடும். மரக் கட்டையும் நிஜச் சுத்தியலும் கொண்ட ஹைப்ரிட் வேறு ரகம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது பேரைத் தாண்டினாலோ, நிகழ்ச்சி முழுக்க இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் உருப்படிகள் என்றாலோ என் கணக்கும் மாறலாம்.

அப்ரைட்டின் ஒலிப்பலகை பின்பக்கம் இருப்பதால் சுவரிலிருந்து 20, 30 செ.மீ. இழுத்து வையுங்கள். மேல்மூடியைத் திறந்து முன்பலகையைக் கழற்றினால் ஒலி தெளியும், சுத்தியல்கள் ஆடுவதும் கண்ணுக்குத் தெரியும். கடைசியாக, மிகக் கீழ்க் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக, பலமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்துப் பாருங்கள். எங்கோ ஒரு சுரத்துக்கு அலமாரிக் கண்ணாடியோ போட்டோ சட்டமோ கிர்ரென்று அதிரும். அதை அறையைவிட்டு வெளியே வைத்துவிட்டு அடுத்த கட்டைக்குப் போங்கள்.