டயலில் ‘1886 முதல்’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

கை அசைவிலேயே கீ ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று கட்டவேண்டும் என்பது என் பல வருட ஆசை. இணையத்தில் வாட்ச் விற்கும் ஒருவரிடம் போய் வசமாக மாட்டிக்கொண்டேன். பணம் போனது போகட்டும். அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

விளம்பரம் அப்படி இருந்தது. பனிமலை, மரப்பட்டறை, கண்ணில் லென்ஸ் மாட்டிய தாத்தா. “1886 முதல் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் செய்துவரும் ஸ்விஸ் குடும்பம், உள்ளே 28,800 துடிப்பு ஸ்விஸ் மெஷின்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படித்ததும் மயங்கிவிட்டேன். அந்த முதல் வரியே பொய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தானாகக் கீ ஏறும் நுட்பம் பழசுதான். 1770-களிலேயே ஸ்விட்சர்லாந்தின் பெரலே என்ற கடிகாரக்காரர் அதைச் செய்துகாட்டியதாகச் சொல்வார்கள். ஆனால் அது சட்டைப்பைக் கடிகாரத்துக்கு. கைக்கடிகாரத்தில் அதைக் கொண்டுவந்து காப்புரிமை வாங்கியவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர், அதுவும் 1924-இல். கீ கொடுக்கும் திருகு வழியாகத் தூசும் ஈரமும் உள்ளே போகிறது என்று அந்தத் திருகையே எடுத்துவிட்ட ஆள் அவர். நேரம் திருத்த, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பவேண்டும். கை அசைவில் ஆடிக் கீ ஏற்றும் எடைத்துண்டு அவருடைய வாட்சில் முழுதாகச் சுற்றாது, இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். முழு வட்டம் சுற்றும் எடைத்துண்டை, அதாவது ரோட்டரை, ரோலெக்ஸ் 1931-இல்தான் கொண்டுவந்தது. 1886-இல் எந்தக் குடும்பம் எங்கே உட்கார்ந்து ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் செய்ததாம்?

வாட்ச் வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டர் தெரியும், அதில் அலையலையாகக் கோடுகள், ‘25 ஜுவல்ஸ்’ (தேய்மானத்தைக் குறைக்க உள்ளே வைக்கும் கற்கள்) என்ற எழுத்து. நாலு நாள் திறந்து திறந்து எல்லோருக்கும் காட்டினேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அவர்கள் சொன்ன மாதிரி ஸ்விஸ் மெஷினில் கிரவுனை, அதாவது பக்கத்துத் திருகை, வெளியே இழுத்தால் பெரும்பாலும் விநாடி முள் நிற்கும். இது பாட்டுக்கு ஓடியது. மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினால் அதே முள் ஒரு கணம் திக்கியது. ரோட்டர் ஒரு பக்கம் மட்டும் ‘விர்ர்’ என்று கட்டற்றுச் சுற்றியது.

ஒரு நண்பர் சொன்ன வழியில் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தேன். 28,800 என்றால் மணிக்கு அத்தனை துடிப்பு, விநாடிக்கு 8. அதாவது ஒரு விநாடிக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு முள் 8 தாவல் வைக்கவேண்டும். நான் எண்ணியது 6. மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் 6. அப்படியானால் அது 21,600 துடிப்பு மெஷின்.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆத்திரத்தில் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைக் கழற்றச் சொன்னேன். அவர் லென்ஸைக் கண்ணில் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பல ஸ்விஸ் வாட்ச்களுக்கு மெஷின் செய்யும் ஈட்டா நிறுவனத்துடையது என்றால், துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் நிறுவன முத்திரையும் எண்ணும் இருக்கும். இதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. “ஜப்பான் மியோட்டா கம்பெனி மெஷினைப் பார்த்துச் செய்த காப்பி சார் இது. ரோட்டரை மட்டும் அலங்காரமாக மாற்றியிருக்கிறார்கள்” என்றார். அசல் மியோட்டாவாக இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அது வருடக்கணக்கில் உழைக்கும் நல்ல மெஷின்.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: மூடியைத் திறந்ததால் வாரண்டி செல்லாது. இரண்டாவது பதில்தான் அபாரம்: “டயலில் ‘ஸ்விஸ் மேட்’ என்று நாங்கள் எங்கே போட்டோம்?” எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், போடவில்லை. 6 மணிக்குக் கீழே ‘ஜெனீவா’ என்று மட்டும் இருந்தது. ‘ஸ்விஸ் மேட்’ என்று போட ஸ்விஸ் சட்டத்தில் கணக்கு உண்டு: மெஷின் ஸ்விஸ் மெஷினாக இருக்கவேண்டும், அதைக் கூட்டில் பொருத்துவதும் கடைசிப் பரிசோதனையும் அங்கேயே நடக்கவேண்டும், 2017 முதல் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதமும் அங்கே ஆகியிருக்கவேண்டும். ஊர்ப் பெயரைப் போட்டு அதைத் தாண்டிவிட்டார்கள்.

பழைய பெயரை விலைக்கு வாங்கி மறுபடி கடை திறப்பதே தப்பு என்று சொல்லவரவில்லை. 1970-களில் குவார்ட்ஸ் வாட்ச் வந்து அடித்த அடியில் எத்தனையோ ஸ்விஸ் பட்டறைகள் மூடின, பெயர்கள் மட்டும் மிஞ்சின. 1735-ஐத் தன் பிறந்த வருடமாகச் சொல்லும் பிளாங்பான் என்ற ஸ்விஸ் வாட்ச் நிறுவனம்கூட 1980-களின் தொடக்கத்தில் அப்படிக் கைமாறி உயிர்பெற்றதுதான். ஆனால் வாங்கியவர்கள் உள்ளே நல்ல மெஷினை வைத்தார்கள். என்னிடம் விற்றவர் வருடத்தை மட்டும் வைத்தார்.

வாங்கியவர்கள் யாராவது இருந்தால், மூடியில் கை வைக்காதீர்கள். முதலில் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முள்ளை வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டையும் சேர்த்து, பணம் கட்டிய கார்டு வங்கிக்குப் புகார் அனுப்புங்கள். நான் விளம்பரத்தைச் சேமித்து வைக்கவில்லை, கெடுவையும் தவறவிட்டேன்.

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. அதே மலை, அதே தாத்தா. வருடம் மட்டும் 1868 என்று மாறியிருந்தது.